கூட்டமே இல்லாத தீவு

“எந்தப் படுபாவிடா நீ? எங்கே இருந்தாலும் உன் நாக்கு அழுகிப் போகணும்!”

பழைய மரச்சாமான் வியாபாரி கைபேசியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

பயணம் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்ளும் இணையப் பக்கம் அது. ‘முதுகுமூட்டை’ என்ற பெயரில் எவனோ எழுதியிருந்தான்: ‘பெரிய தீவோடு திரும்பிவிடாதீர்கள். படகேறிக் குட்டித் தீவுக்குப் போங்கள். கூட்டமே கிடையாது. சொர்க்கம்!’

கூட்டம் இல்லைதான். விடுதி என்ற பெயரில் ஒழுகுகிற தகரக் கொட்டகை. குழாயைத் திறந்தால் துரு. கடலில் கால் வைக்க விடாமல் கத்தி கத்தியாகப் பாறை.

“ஏஜென்ட் வேண்டாம், முதுகுல பையை மாட்டிக்கிட்டுக் கிளம்புவோம்னு சொன்னது யாரு?” பூச்சி கடித்து வீங்கிய காலைச் சொறிந்தபடி கேட்டாள் மனைவி.

“ஏஜென்ட் கமிஷனுக்காகப் பொய் சொல்வான். இவன் நம்மள மாதிரி ஊர் சுத்த வந்தவன். இவனுக்கு என்னடி லாபம்?”

“அதை அவன்கிட்டயே கேளுங்க. பொண்ணுக்கு முன்கூட்டியே வலி வந்துடும்போல இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. தலைப்பிரசவம். நான் பக்கத்துல இருக்கணும். எப்படியாவது என்னைக் கொண்டுபோய்ச் சேருங்க.”

வியாபாரி படகுக்காரருக்குப் போன் போட்டார்.

“படகை அனுப்புய்யா. ரெட்டிப்பா தர்றேன்.”

“இங்கே சவாரி வரிசையில நிக்குது சார். உங்க தீவுக்கு ஆள் ஏறினா வர்றேன். அவங்களை இறக்கிட்டு உங்களை ஏத்திக்கிறேன். காலிப் படகை ஓட்டிக்கிட்டு வர முடியாது.”

“சரி, நீயே ஒரு விலை சொல்லு!”

“விலை இல்ல சார், ஆள்தான் வேணும்.”

நாற்காலியிலிருந்து நிலைக்கதவு வரை நினைத்த விலைக்குப் பேசி முடிக்கிறவருக்கு இந்தப் பேரம் படியவில்லை. போனைக் கட்டிலில் விட்டெறிந்தார்.

டீயோடு வந்த விடுதிக்காரர் சிரித்தார். “நீங்க திட்டிக்கிட்டு இருக்கீங்களே, அந்த முதுகுமூட்டை. அவரும் உங்களை மாதிரிதான் படகு இல்லாம தலையில கைவச்சு உட்கார்ந்திருந்தார். அப்புறம் அப்படி எழுதிப் போட்டார். அதைப் பார்த்து நீங்க வந்தீங்க. நீங்க வந்த படகுலயே அவர் போயிட்டார்.”

“என்னது?”

“உங்கம்மாவுக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டாரே, அவர்தான் சார்.”

“என்னை அம்மாவாக்கிட்டீங்களா?” என்று முறைத்த மனைவி, உடனே திகைத்தாள். “அந்தத் தங்கமான மனுஷரா? ‘பார்த்து இறங்குங்கக்கா’ன்னு பையைக்கூட வாங்கி வச்சாரே!”

வியாபாரிக்குக் கண் சிவந்தது.

“தான் தப்பிக்க நம்ம தலையைக் கொடுத்திருக்கான்! வயித்துக்குச் சோறுதான் திங்கறானா? இங்கேயே கிடந்து செத்தாலும் சாவேனே தவிர, இப்படி ஒரு ஈனக் காரியம் நான் பண்ணுவேனா?”

அப்போது மருமகன் அழைத்தான். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. அம்மா எங்கே, அம்மா எங்கே என்று அழுகிறாளாம்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் சரிந்தாள்.

வியாபாரி அவளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

“எங்கே போறீங்க?”

“அந்த அயோக்கியனைப் பத்தி நாலு பேருக்குத் தெரியற மாதிரி எழுதிப் போடறேன். அப்பத்தான் என் ஆத்திரம் அடங்கும்.”

மறுநாள் காலையில் படகுச் சத்தம் கேட்டது. மனைவி கடலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

முதுகில் பெரிய பையோடு ஓர் இளைஞன் இறங்கினான். பின்னாலேயே அவன் அப்பா, அம்மா. வியாபாரி தாவிப் போய் அந்த அம்மாளுக்குக் கை கொடுத்தார். “பார்த்தும்மா, வழுக்கும்.”

அவர்கள் கரையேறுவதற்குள் வியாபாரியும் மனைவியும் படகில் உட்கார்ந்தாயிற்று. படகுக்காரர் உடனே கிளப்பினார்.

“குளிக்கிற கரை எந்தப் பக்கம்?” இளைஞன் விடுதிக்காரரைக் கேட்பது காதில் விழுந்தது.

“இங்கே ஏது தம்பி அதெல்லாம்? சுத்தியும் பாறைதான்.”

“நேத்துத்தானே ஒருத்தர் எழுதியிருந்தார்?” இளைஞன் போனை எடுத்து உரக்கப் படித்தான். “‘சொர்க்கம்! என் மனைவி ஊருக்கே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள்...’”

மனைவி மெல்லத் திரும்பிக் கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

“யாரு சார் அது? ஏமாத்திட்டானே!” இளைஞன் படகை நோக்கிக் கத்தினான்.

வியாபாரி எழுந்து நின்றார். ஆத்திரத்தோடு கையை நீட்டிக் கத்தினார்.

“சும்மா விடாதீங்க தம்பி! அப்பா அம்மாவோட வந்தவங்களையா ஏமாத்தறது? அவனுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா, அவனே படகைக் கூட்டிக்கிட்டு வந்து உங்களை வீட்டுல கொண்டுபோய்ச் சேர்க்கணும்! சேர்த்தே ஆகணும்!”