காலையில் ஒரு தள்ளு, மத்தியானம் ஒரு தள்ளு

"அவன்கிட்ட சொல்லுங்கக்கா, அறுபத்தஞ்சு ஆம்பியர் நம்ம வண்டிக்குப் பத்தாதுன்னு."

பேட்டரிக்கடை அக்கா நிமிர்ந்து பார்த்தாள். 'அவன்' எங்கோ தூரத்தில் இல்லை. அண்ணனுக்கு இரண்டடி தள்ளி, தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"இவர்கிட்ட சொல்லுங்கக்கா, எண்பது வாங்கினா தட்டுல உக்காராது. மடியில வெச்சுக்கிட்டுத்தான் ஓட்டணும்."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? நடுவுல நான் எதுக்கு?"

"நாங்க பேசி அஞ்சு வாரமாச்சு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

சண்டை பெரிய விஷயத்துக்கில்லை. அண்ணன் பிக்கப்பை ரிவர்ஸ் எடுத்தபோது, பின்னால் நின்ற தம்பி "வரலாம், வரலாம்" என்று கத்தினான். வண்டியும் வந்தது, சுவரும் வந்தது, பின் விளக்கு போனது. நீ பார்க்கவில்லை, நீ சொல்லவில்லை என்று ஆரம்பித்தது அன்றோடு நின்றுவிடவும் இல்லை. காலையில் காய்கறி லோடு அண்ணனுக்கு, மத்தியானம் கட்டில் பீரோ லோடு தம்பிக்கு என்று வண்டியை வேளை பிரித்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் கீழே, தம்பி மாடியில்.

அப்போது பார்த்து வண்டியும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காலையில் அண்ணன் உட்கார, தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து தள்ளுவான். மத்தியானம் தம்பி உட்கார, அண்ணன் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வந்து தள்ளுவான். "தள்ளு", "போதும்" என்ற இரண்டு வார்த்தைகளோடு பேச்சு முடிந்துவிடும்.

அவர்கள் மனைவிமார் இருவருக்குள்ளும் எந்தச் சண்டையும் இல்லை. இருவரும் சேர்ந்தே காலையில் சொல்லிவிட்டார்கள். "இன்னைக்குப் புது பேட்டரியோட வாங்க. இல்லன்னா வண்டிய வித்துட்டு ஆளுக்கொரு பக்கம் போயிடலாம்."

அதனால்தான் மார்க்கெட் லோடு முடிந்த கையோடு இங்கே வந்து நிற்கிறார்கள். வழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் இன்ஜினை அணைக்காமலே ஓட்டி வந்திருந்தார்கள்.

அக்கா பொறுமையாக நாலைந்து பேட்டரிகளை எடுத்து வைத்தாள். தண்ணீர் ஊற்ற வேண்டாத பேட்டரி என்றால், "உள்ள தண்ணி இருக்கா இல்லையான்னே தெரியாதே" என்றான் தம்பி. மூடி திறந்து ஊற்றுகிற பேட்டரி என்றால், "தட்டு துருப்பிடிச்சுடும்" என்றான் அண்ணன். மூன்றாவதில் முனைகள் இடம் மாறி இருந்தன, வயர் எட்டாதாம். நான்காவதன் நிறம் சரியில்லையாம்.

"பேட்டரி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "முதல்ல பழசைக் காட்டுங்க. இன்ஜினை நிறுத்துங்க. பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?"

"அது காணாமப் போய் ஒரு மாசமாச்சு" என்றான் அண்ணன். தம்பி பேட்டரிகளை மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.

இன்ஜின் நின்றதும் அக்கா தன் மீட்டரோடு வண்டிக்குப் போனாள். முள்ளைப் பார்த்தாள். மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரே திருப்பில் கிளம்பி, ஜம்மென்று உறுமியது.

"பேட்டரி குத்துக்கல்லாட்டம் இருக்கு! இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்."

"இன்னைக்குக் காலையிலகூட தள்ளினேனே!" என்றான் தம்பி.

அக்கா குனிந்து வயர் பூட்டியிருந்த நட்டை விரலால் தடவினாள். "இதைப் பாருங்க. பிளேயரால கடிச்சுக் கடிச்சு நட்டு மொழுக்குன்னு ஆயிடுச்சு. யாரோ தினம் இதைத் தளர்த்தி விட்டிருக்காங்க. தளர்ந்தா எப்படி ஸ்டார்ட் ஆகும்? யாருப்பா அது?"

அண்ணனின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"அவன்கிட்ட சொல்லுங்கக்கா..."

"நான் என்ன தபால்காரியா? நீங்களே சொல்லுங்க."

அண்ணன் தம்பியைப் பார்த்தான். ஐந்து வாரத்தில் முதல் முறையாக நேருக்கு நேர்.

"நான்தான்டா. தினம் படுக்கிறதுக்கு முன்னாடி தளர்த்தி விடுவேன். மார்க்கெட் போனதும் முடுக்கிடுவேன். வண்டி கிளம்பலன்னாதானே நீ மாடிய விட்டு இறங்கி வர்ற? அந்த ரெண்டு நிமிஷமாவது உன் மூஞ்சியப் பாக்கலாம்னுதான். வேற வழி தெரியல."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணனுக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "காலையில பண்ணது நான், சரி. மார்க்கெட்லயே இறுக்கிடுறேனே, அப்புறம் மத்தியானமும் ஏன்டா ஸ்டார்ட் ஆகல? பேட்டரி நிஜமாவே போச்சுன்னு நெனச்சேன்."

தம்பி பேன்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டு, காணாமல் போன பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அண்ணன் கையில் வைத்தான்.

"மத்தியானம் நீ தள்ள வரணும்ல, அண்ணே!"