இருபத்தேழாம் நம்பர்

“இன்னைக்கும் சைக்கிள் பந்தயமா? ஏழு ஞாயிறு ஆச்சும்மா! தெருவே சிரிக்குது!”

“சிரிச்சா வாய் வலிக்கப்போறது அவங்களுக்கு. நீ கத்தாதே, ஜன்னல் திறந்திருக்கு.”

ஜன்னல் திறந்திருந்ததால்தான் தெருவுக்கு இவ்வளவும் தெரியும். கத்தியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவர். ஆரஞ்சு உரித்து டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தவர் அவருடைய அம்மா. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. கணவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனுக்குள் தலையை விட்டிருந்தவள் தங்கை.

“மருந்துக்கடைக்காரருக்கு வாக்குக் குடுத்தாச்சு. புதன்கிழமை பேசி முடிக்க வராங்க. இவ என்னடான்னா வாராவாரம் ரோட்டோரம் நின்னு இருபத்தேழாம் நம்பர்க்காரனுக்குத் தண்ணி பாட்டில் நீட்டறாளாம்! எதிர்வீட்டு டீச்சர் கண்ணால பாத்திருக்காங்க. மருந்துக்கடை காதுக்குப் போனா என்ன ஆகும்?”

“அம்மாதான் நீட்டச் சொன்னாங்க,” என்றாள் தங்கை, போனிலிருந்து தலை தூக்காமல்.

“நடிக்காதே!”

“அதுக்குத்தானேடா நானும் கூடப் போறேன்,” என்றார் அம்மா. “வயசுப் பொண்ணைத் தனியா அனுப்ப முடியுமா?”

காவலுக்குப் போகிறவர்தான். ஆனால் கோடைப் பந்தயம் மொத்தம் எட்டு, இருபத்தேழு இப்போது இரண்டாம் இடம், நாலே புள்ளி பின்னால், இன்றைய கடைசிப் பந்தயத்தில் முதலில் வந்தால் கோப்பை அவனுக்கு என்பதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம்.

“சரி, இன்னைக்கு நானும் வரேன். ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!”

அம்மாவின் கையிலிருந்து ஒரு சுளை நழுவித் தரையில் விழுந்தது.

பந்தயம் மூன்று தெருக்களைச் சுற்றி நாற்பது சுற்று. கயிறு கட்டிய வளைவில் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. அங்கே கவிழ்த்த பெட்டியின்மேல், மடியில் ஒரு மாற்றுச் சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தார் நரைத்த மீசைக்காரர் ஒருவர். இவர்களைப் பார்த்ததும் எழுந்து, தோள் துண்டால் பெட்டியைத் துடைத்துவிட்டார்.

“உக்காருங்க தம்பி. நான் டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கேன். இருபத்தேழு நம்ம பையன்தான்.”

ஓஹோ, இப்போதே சம்பந்தி மரியாதையா? கண்ணாடிக்கடைக்காரர் உட்காரவில்லை. அம்மாவும் தங்கையும் கயிற்றோரம் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“சார், நேராவே கேக்கறேன். எங்க வீட்டுல சம்பந்தம் பேசணும்னா என்கிட்டதானே வரணும்?”

மீசைக்காரருக்கு வியர்த்தது. “நியாயம் தம்பி. அவங்களும் அதேதான் சொல்லிக்கிட்டே இருக்காங்க. எனக்குத்தான் தைரியம் வரலை.”

“இனிமே வந்தும் புண்ணியமில்லை. மருந்துக்கடைக்காரருக்கு வாக்குக் குடுத்தாச்சு.”

சக்கரம் கைநழுவி உருண்டது. மீசைக்காரர் பெட்டியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

“மருந்துக்கடைக்காரருக்கா? அவங்க… அவங்க ஒரு வார்த்தை சொல்லலையே!”

“சொல்ல மாட்டாங்க சார். எங்க வீட்டுல எல்லாருமே அழுத்தம்.”

கடைசிச் சுற்று மணி அடித்தது. சங்கிலிகள் உறும, சைக்கிள் கூட்டம் வளைவுக்குள் பாய்ந்தது. அம்மா கயிற்றின்மேல் பாதி உடம்பைச் சாய்த்து, “உள்ளே ஒடி! ஹேண்டிலை உள்ளே ஒடிடா கண்ணா!” என்று தொண்டை கிழியக் கத்தினார். பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டிராத குரல். தங்கை கொட்டாவி விட்டாள். முன்சக்கரத்தில் பாதியளவு வித்தியாசத்தில் முதல் ஆளாக முடிவுக்கோட்டைத் தாண்டினான் இருபத்தேழு.

அவன் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு இவர்களை நோக்கி ஓடிவந்தான். கண்ணாடிக்கடைக்காரர் தங்கைக்கு முன்னால் மதில்போல நின்று சட்டைக் கையை மடித்துவிட்டார். அவனோ இருவரையும் சுற்றிக்கொண்டு போய் அம்மாவின் கையைப் பிடித்தான்.

“ஜெயிச்சுட்டோம்மா!”

“என்னடா அம்மா?” கண்ணாடிக்கடைக்காரர் அவன் பனியனைக் கொத்தாகப் பிடித்தார். “மனசுக்குள்ள கூப்பிடற மாதிரி அத்தைன்னே கூப்பிட வேண்டியதுதானே?”

மூச்சிரைத்துக்கொண்டே அவன் விழித்தான்.

“அத்தையா? எங்கப்பாவைக் கட்டிக்கப் போறவங்களை எப்படிண்ணே அத்தைன்னு கூப்பிடறது?”

பனியனைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிட்டது. ஒட்டுக்கேட்கவே பின்னால் வந்து நின்றிருந்த எதிர்வீட்டு டீச்சரின் கையிலிருந்து குடை விழுந்தது. அந்த இரைச்சலிலும் அது விழுந்த சத்தம் கேட்டது.

புதன்கிழமை பேச்சு நல்லபடியாகவே முடிந்து, தங்கை மருந்துக்கடை வீட்டுக்குப் போனாள். அடுத்த மாதமே அம்மா நாலு ஊர் தள்ளி, டிரைவிங் ஸ்கூல் மாடிக்குக் குடிபோனார். பதிவு அலுவலகத்தில் பெண் வீட்டுச் சாட்சியாகக் கையெழுத்துப் போட வந்த கண்ணாடிக்கடைக்காரரிடம், “பொண்ணுக்கு நீங்க என்ன உறவு, அண்ணனா?” என்று பதிவாளர் கேட்டாராம், “மகன்” என்று அவர் சொல்லிமுடிக்க ஐந்து நிமிஷம் ஆனதாம்.