எட்டாவது கேள்வி

"இந்தக் கடையிலயாவது தங்குவியா? இல்ல, ஆடி வர்றதுக்குள்ள இதையும் விட்டுட்டு வந்து நிப்பியா?"

கேட்டுவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு லோகேஷ் போய்விட்டான். சங்கீதா கடைப் படியேறினாள். இன்டர்வியூவுக்கு வந்து இறங்கின பெண்டாட்டியிடம் கேட்கிற கேள்வியா இது?

அவன் சொன்னதிலும் தப்பில்லைதான். ஆறு வருஷத்தில் மூன்று வேலை. மெடிக்கல் ஷாப், ஸ்கூல் ஆபீஸ், கூரியர். 'உனக்குப் பிடிச்ச அந்த ஒண்ணைக் கண்டுபிடி, வாழ்க்கையே மாறும்' என்று செல்போனைத் திறந்தாலே யாராவது கத்துகிறார்கள். அந்த ஒண்ணு இது இல்லை போலிருக்கு என்று ஒவ்வொன்றாக விட்டாள். ஊரில் எல்லாருக்கும் கிடைத்தது நமக்கு மட்டும் கிடைக்கவில்லையே, நம்மிடம்தான் ஏதோ கோளாறோ என்று இப்போது பயமே பிடித்துவிட்டது.

பட்டுக்கடை மாடியில், முன்னால் இன்டர்வியூவுக்குப் போன பெண் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"எட்டாவது கேள்விதான்க்கா முக்கியம். 'உங்கள் உயிர்மூச்சு எது?' பட்டுதான்னு அடிச்சு விட்டேன்!"

சேல்ஸில் இருக்கும் மஹாலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "மேனேஜர் நேமிநாதன் சார் முப்பது வருஷமா இங்கதான் இருக்கறாரு. கண்ணை மூடிக்கினு தடவியே சுத்தப் பட்டா, கலப்பான்னு சொல்லிடுவாரு. பார்த்துப் பேசும்மா."

முப்பது வருஷம்! ஒரே வேலையில்! சங்கீதா பைலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே சுவரில் கடை ஆண்டு விழாப் படம். எல்லாரும் பட்டு வேட்டி, நேமிநாதன் மட்டும் நூல் வேட்டி. கடையில் கொடுத்த பட்டைக்கூடக் கட்டாமல் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார், சரியான கஞ்சன் என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்பா என்ன பண்றாரும்மா?"

"நெசவு சார். பிள்ளையார்பாளையத்துல."

"சரி, எட்டாவது கேள்வி. சின்ன முதலாளி அச்சடிச்சுக் குடுத்தது. உங்க உயிர்மூச்சு எது?"

"பட்டு..."

நெசவுக்காரர் மகள், இதைச் சொன்னால் யார் நம்ப மாட்டார்கள்? ஆனால் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"அப்படி எதுவும் எனக்குக் கிடையாது சார். தேடிப் பார்த்துட்டேன். குடுத்த வேலையை ஒழுங்கா செய்வேன். யாரையும் ஏமாத்த மாட்டேன். ஏழு மணிக்கு விட்டீங்கன்னா வீட்டுக்குப் போயி பொண்ணுகூட ஷட்டில் ஆடுவேன். அவ்ளோதான் சார்."

போச்சு. இதையும் வாயாலேயே கெடுத்துக்கொண்டாச்சு. லோகேஷுக்கு என்ன பதில் சொல்வது?

நேமிநாதன் எட்டாவது கேள்வியின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

"திங்கட்கிழமை வந்துடுங்கம்மா."

வெளியே ஓடிவந்து மஹாலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பட்டே உயிரா இருக்கறவரு, எனக்கு எப்படிக்கா வேலை குடுத்தாரு?"

"யாருக்கு, அவருக்கா பட்டு உயிரு?" மஹாலட்சுமி சிரித்தேவிட்டாள். "அவரு ஜைனரும்மா. ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் பட்டுப்புழுவைக் கொதிக்கிற தண்ணியில போடறாங்கன்னு தெரிஞ்ச மனுஷன். வாங்கறவங்க ஏமாறக் கூடாதுன்னுதான் முப்பது வருஷமா தடவிப் பாக்கறாரு. பெத்த பொண்ணு கல்யாணத்துக்கே அவரு எடுத்தது நூல் புடவைதான்!"