மாப்பிள்ளை சாம்பிள்

"இந்த சாம்பிள்ல யாரோ கை வச்சிருக்காங்க" என்றாள் லேப் மிஸ் நஸ்மியா.

இப்ஹாமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை அவனுக்கு நிக்காஹ். போதைப்பொருள் பாவிப்பதில்லை என்று லேப் ரிப்போர்ட் வந்தால்தான் பெண் என்பது வருங்கால மாமனார் ரவூப் ஹாஜியாரின் சட்டம். அதைக் கேட்டே மூன்று மாப்பிள்ளைமார் திரும்பிப் பார்க்காமல் ஓடியிருந்தார்கள்.

இப்ஹாம் தைரியமாக மாத்தளை லேபுக்கு வந்தான். சிறுநீர்க் கோப்பையை நிரப்பி, மூடிக்கு டேப் ஒட்டி, கவுண்டரில் வைத்துவிட்டு லுஹர் தொழப் போனான். மிஸ் சாப்பிட்டு வரும்வரை ஹாஜியாரே காவல் இருந்தார்.

"நான் இருந்த இடத்தை விட்டு அசையல்ல! எவன் கை வைப்பான்?" என்று ஹாஜியார் பாய்ந்தார்.

"டேப்பைப் பிச்சுத் திரும்ப ஒட்டியிருக்கு, பாருங்க. அப்படிக் கை வச்சும் தப்ப முடியல்ல. கஞ்சா காட்டுது."

"வல்லாஹி மாமா, நான் சிகரட்டும் தொட்டதில்ல!"

யட்டவத்தை வீட்டில் உம்மா முகத்தில் எப்படி முழிப்பது? இப்ஹாமுக்கு அழுகையே வந்துவிட்டது. தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் ஹாஜியார் கத்தினால் லொறி ஹோர்ன் கேட்காது. அந்தச் சத்தம் இப்போது தன் தலையில் விழப்போகிறது என்று நின்றான்.

ஹாஜியார் கத்தவில்லை. லேஞ்சியை எடுத்து நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"இன்னொன்னு எடுப்போம் மிஸ். புள்ள மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

இந்த முறை நஸ்மியா கழிவறை வாசலிலேயே நின்று, சூடு ஆறுமுன் கோப்பையைக் கையில் வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணுமே இல்ல தம்பி. சுத்தம்."

இப்ஹாம் மாமனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "கஞ்சா காட்டியும் என்னை நம்பினீங்களே மாமா! சொந்த வாப்பாவும் இப்படி நின்டிருக்கமாட்டாரு."

ஹாஜியார் அவனை ஓரமாக இழுத்துப் போனார்.

"மெதுவாப் பேசு மகன். நீயும் பெயிலாகிப் போயிட்டா மாமி என்னை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டாள்னு, நீ தொழப் போன நேரம் உன்னோடதைக் கொட்டிட்டு என்னோடதை ஊத்தி வச்சேன். முழங்கால் வலிக்கு நாவுல ஊரு நாட்டு வைத்தியர், அந்த வெதமாத்தயா குடுத்த லேகியத்துல கஞ்சா கிடக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்!"