முட்டுக்கல்

“கல்லை மட்டும் எடுத்துடாதீங்க,” என்றார் அவர், சாவியைக் கொடுப்பதற்கு முன்பே.

வண்டியை வாங்கியிருந்த மருந்துக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். போர்டிகோவிலிருந்து கேட் வரைக்கும் நல்ல சரிவு. பின்சக்கரத்துக்கு அடியில், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு கருங்கல். கார் தன் பாரத்தையெல்லாம் அதன் மேல் போட்டுக்கொண்டு நின்றிருந்தது.

“ஹேண்ட் பிரேக் இருக்கே சார்?”

“ஹேண்ட் பிரேக்கா? அது கூட இருந்தே குழி பறிக்கிற ஜாதி.”

அவருக்கு எந்த வண்டியைப் பற்றியும் நல்ல வார்த்தை கிடையாது. ஆறு வண்டி வைத்திருந்தார், ஆறும் துரோகிகள்.

இரண்டாவது வண்டி பெட்ரோல் குடித்தே குடும்பத்தை மொட்டையடித்தது. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். மூன்றாவதின் மேல் ஒரு துளி மழை பட்டால் போதும், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொள்ளும். நான்காவதில் ஏசியைப் போட்டால் எலி செத்த வாடை. ஐந்தாவது பேச்சுக்குப் புலி, மேட்டைக் கண்டால் எலி. இதோ நிற்கிறதே ஆறாவது, இது தொட்டதற்கெல்லாம் கீக்கீ என்று கத்தும். கட்டினவள்கூட அவரை இந்தப் பிடுங்கு பிடுங்கியதில்லை.

“மொத வண்டி?” என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

வாசற்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

“அத விடுங்க. அதோட ஹேண்ட் பிரேக் ஏமாத்திடுச்சு.”

அவ்வளவுதான் சொன்னார். போலீஸிடமும் இதைத்தான் சொன்னார். உறவுக்காரர்களிடமும் இதைத்தான். மனைவி அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில்தான் இத்தனை வருஷமும் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

வண்டிகளைத் திட்டுவதில் அவளும் அவர் கட்சிதான். அன்றிலிருந்து எந்த வண்டியிலும் ஏறவில்லை. கல்யாணமோ, சாவோ, ஆஸ்பத்திரியோ, பஸ்தான். அவர் புது வண்டி வாங்கி வந்து நிறுத்தும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, “அடுத்த சனியனா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். அது அவருக்கு எவ்வளவு ஆறுதல் என்று அவளுக்குத் தெரியாது.

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். மாத்திரை எண்ணுகிறவனுக்கு வண்டியைப் பற்றி என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவியை வாங்கியவர் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பி அரை அடி முன்னே நகர்த்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கியரை நியூட்ரலில் விட்டார்.

பிறகு இறங்கி வந்து, கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

“வேண்டாங்க!” என்று இவர் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

வண்டி நின்றது.

இப்போது உருளும் என்று காத்திருந்தார். உருளு, சனியனே, உருளு என்று பல்லைக் கடித்தார். ஆயுசில் எந்த வண்டியையும் அவர் இப்படிக் கெஞ்சியதில்லை.

வண்டி இம்மிகூட அசையவில்லை.

“பாத்தீங்களா சார், போட்டா நிக்கும். எந்தக் காலத்து வண்டியும் அப்படித்தான்.”

மனைவி மடித்த துணியை மறுபடி உதறினாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

“போட்டா நிக்குமாம்.”

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. வெளியே போகிற செருப்பைப் போட்டிருந்தாள்.

“தம்பி, போற வழியில என்னப் பெரிய மக வீட்டுல எறக்கி விட்ருங்க.”

அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்சீட்டுக் கதவைத் திறந்து, நேற்றும் ஏறியவள் மாதிரி ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி பின்பக்கமாக மெல்லச் சரிவில் இறங்கிக் கேட்டுக்கு முன்னால் நின்றது. கேட்டைத் திறக்க மருந்துக்கடைக்காரர் இறங்கிப் போனார்.

அவள் உள்ளே. வண்டி சரிவில். சக்கரத்துக்குக் கல் இல்லை.

அவர் கல்லைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடினார். பின்சக்கரத்துக்குக் கீழே தரையைப் பார்க்காமல்தான் வைத்தார். சின்ன மகள் அன்றைக்கு சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தது அந்த இடத்தில்தான். வீட்டுக்குள் போன் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் அவசரமாக வண்டியை விட்டு இறங்கி உள்ளே ஓடியிருந்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாரா என்று அவர் தன்னிடம்கூட ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

வண்டிக்குள் அவள் கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைத் தேடினாள். சுற்றுகிற கைப்பிடியெல்லாம் அந்த முதல் வண்டியோடு போயிற்று. கடைசியில் கதவையே கொஞ்சம் திறந்தாள்.

“அந்தக் கல்ல எடுங்க.”

“உனக்குத் தெரியாது, இதுங்கள நம்ப முடியாது…”

“எடுங்க. நான் பாக்கணும்.”

அவர் எடுத்தார்.

வண்டி அசையவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.