கெர்னலை மாற்றலாமா?

விபத்துக்குப் பிறகு சாந்தி மேரிக்குக் கண்கள் மட்டுமே அசைந்தன. பார்வை படும் எழுத்தைத் திரையில் காட்டும் கேமரா ஒன்றை அவரிடம் படித்த அஜித்குமார் அரியலூரிலிருந்து கொண்டுவந்தான்.

“லேப்டாப்ப இயக்கற அடிப்படை மென்பொருள், அதான் லினக்ஸ் கெர்னல், இந்தக் கேமராவ ஏத்துக்கல சார். நாமளே புதுசா ஒண்ணு கம்பைல் பண்ணி, அதாவது உருவாக்கிப் போட்டுட்டா, டீச்சர் கண்ணாலயே பேசிடுவாங்க. பண்ணட்டுமா?”

“லேப்டாப்பே போயிட்டா?” என்றார் கணவர் செபஸ்டின்.

“போகாது சார்.”

“அடுத்த வாரம் பாக்கலாமே...”

“போன வாரமும் இதத்தாங்க சொன்னீங்க!”

மனைவியின் கண்கள் அவரையே கெஞ்சின. வேறு வழியின்றித் தலையாட்டினார்.

மாலையில், “வேலை செய்யுது சார்!” என்று துள்ளினான் அஜித்குமார்.

சாந்தி மேரி பார்க்கப் பார்க்கத் திரையில் எழுத்துகள் விழுந்தன: ‘பாப்பா எங்கே?’

அதே விபத்தில் போய்விட்ட மகளை, மனைவிக்குத் தெரியாமல் வரதராசன்பேட்டையில் அடக்கம் செய்திருந்த செபஸ்டின், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.