ஒப்பனை அறையில் ஒரு விசில்

வெர்னாவின் உதடுகள் உலர்ந்து ஒட்டிக்கொண்டன. டென்னசியின் கன்ட்ரி இசைப் பாடகி மாபெல்லைப் பற்றி ஊர்க்காரர்களே போடும் இசை நாடகத்தில் அவள்தான் மாபெல். இன்னும் பத்து நிமிடத்தில் திரை விலகும். கிட்டாரைப் பிடித்த கை வெடவெடவென்று நடுங்கியது.

"கூட்டம் எப்படி?"

"ஊரே வந்திருக்குடி. பாஸ்டர்கூட முன்வரிசையில" என்றாள் டார்லா. வெர்னாவால் முடியாமல் போனால் நடிப்பதற்காக எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்திருப்பவள் அவள்.

வெர்னா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். மெல்ல ஒரு விசில் கிளம்பியது.

டார்லா துள்ளி எழுந்தாள். "அடிப்பாவி! மேக்கப் ரூம்ல விசிலா? நாடகமே நாசமாப் போயிடும்! வெளிய போ. மூணு சுத்து சுத்தி, துப்பிட்டு, கதவைத் தட்டு. நான் கூப்பிட்டாத்தான் உள்ள வரணும்!"

வெர்னா ஓடினாள். பின்கதவு தானாகவே பூட்டிக்கொண்டது. சுற்றினாள், துப்பினாள், தன் காதுக்கே கேட்காதபடி ஒருமுறை தட்டினாள்.

யாரும் திறக்கவில்லை. சற்று நேரத்தில் உள்ளே பிடில் முழங்கியது. மாபெல்லின் முதல் பாட்டை டார்லாவின் குரல் பாடியது.

வெளியே புகைத்துக்கொண்டிருந்த காவலாளி பதறினார். "பலமாத் தட்டும்மா! உன் வேஷத்தையே அவ தட்டிட்டுப் போயிட்டா!"

வெர்னா தன் டிரக்கில் ஏறி உட்கார்ந்தாள். கை நடுக்கம் நின்றிருந்தது.

உலர்ந்த உதட்டில் விசில் வருமோ வராதோ என்றுதான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள்.